கால் நீட்டி

கை வைத்துப் பார்த்தேன்.
என்ஜின் சூடாக இருந்தது.
"ரெண்டு நாளா எடுக்கவே இல்லண்ணே" என்றான் இம்தியாஸ்,
கதவு நிலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி.
பழையபேட்டையில் பங்குனி மாதம்
ஒன்பது மணிக்கே தகரம் கொதிக்கும்.
சரி, வெயிலின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வண்டி கறுப்பு.
டேங்கில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு.
முப்பத்தோராயிரத்து நானூறு கிலோமீட்டராம்.
டிக்கெட் மெஷின் சொல்வதையே
இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறவன் நான்.

"போனைக் குடுத்துட்டுப் போங்கண்ணே, தப்பா நெனைக்காதீங்க.
போன மாசம் ஓட்டிப் பாக்கறேன்னு போனவரு
குப்பம் தாண்டிட்டாரு."
கொடுத்தேன்.
தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பெட்ரோல் வந்தது.
டேம் வரை போய்த் திரும்பலாம்.
அதற்குமேல் ஆசைப்பட்டால் தள்ளிக்கொண்டு வரலாம்.

சீட் இவ்வளவு கீழே இருக்குமென்று
யாரும் சொல்லவில்லை.
கிளட்சை விட்டதும்
கால் பழைய மொபெட்டின் இடத்தில் மிதியைத் தேடியது.
இல்லை.
இன்னும் முன்னால். இன்னும்.
அங்கே இருந்தது,
யாரோ எனக்கென்று முக்காலி இழுத்துப் போட்டதுபோல.

பத்தொன்பது வருஷம்
தருமபுரி ஓசூர் தடத்தில் நின்றிருக்கிறேன்.
கெண்டைக்காலில் நரம்பு பச்சையாய்ச் சுருண்டு கிடக்கிறது.
டாக்டர் இறுக்கமான காலுறை எழுதித் தந்தார்.
கீழே, "அதிக நேரம் நிற்க வேண்டாம்" என்றும் எழுதினார்.
அதை எந்தக் கடையில் வாங்குவது?

ரவுண்டானா தாண்டி
மாங்கூழ் பாக்டரியின் பூட்டிய கேட் தாண்டி
நாலாவது கியரில் சத்தம் அடங்கி
அடிவயிற்று உறுமலானது.
உதடு தானாகக் குவிந்தது.
விசில் வேண்டியிருக்கவில்லை.
இந்த வண்டிக்கு யாரும் ரைட் சொல்ல வேண்டாம்.
ஓல்டான் சொல்லவும் ஆளில்லை,
அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

அணைக்குப் பிரியும் இடத்துக்கு முன்னால்,
நடுவில் அரளிச்செடி, அந்தப் பக்கம்
எதிரே வந்தது என் பஸ்.
நேற்று ராத்திரிவரை நான் நின்ற அதே பஸ்.
அது ஓடிவரும் முகத்தை
இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததேயில்லை.
ஒரு லைட் மங்கல். கண்ணாடியில் வாடிய மாலை.
தூக்கம் கெட்ட ஆள்மாதிரி இருந்தது.
உள்ளே என் இடத்தில் பெருமாளப்பன்
பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
யாரோடோ சில்லறைச் சண்டை.
இடக்கையைத் தூக்கிக் காட்டினேன்.
பார்க்கவில்லை.
கண்டக்டர்கள் வெளியே பார்ப்பதில்லை.

தூக்கிய கை திரும்பி வருவதற்குள்
வண்டி இடதுபக்கம் நழுவியது.
இன்னொரு தடவை, அறுபதில்,
இரண்டு கையையும் லேசாகத் தளர்த்தினேன்.
மறுபடியும் இடது.
எதையோ ஞாபகம் வைத்திருக்கிறது.

அணையடியில் மீன்கடைக்காரி
அப்போதுதான் எண்ணெய் காயவைத்தாள்.
வண்டியைவிட்டு இறங்காமல்
கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.
"என்ன வேணும்?" என்றாள்.
"ஒண்ணும் வேணாம், உக்காந்திருக்கேன்."

திரும்பி வந்து கேட்டேன்.
"விழுந்திருக்கா?"
"இல்லையே" என்று தொடங்கி
நடுவில் விட்டுவிட்டான்.
"ஒரு தடவை. சூளகிரி கிட்ட. ஆளுக்கு ஒண்ணும் ஆகல.
எடது காலுல கம்பி வெச்சிருக்கு, அவ்ளோதான்."
"யாருக்கு?"
அவன் கீழே பார்த்தான்.
அப்போதுதான் நானும் பார்த்தேன்,
எடை முழுவதையும் வலதில் போட்டு நிற்பதை.
நிற்கிறவனை நிற்கும் விதத்தில் தெரிய வேண்டும் எனக்கு.
காலையில் எப்படித் தவறவிட்டேன்?

எழுபது சொன்னவன்
அறுபத்திரண்டுக்கு வந்தான், நான் கேட்காமலே.
அட்வான்ஸ் இரண்டாயிரம்.
பையிலிருந்த பழைய டிக்கெட்டின் பின்னால்
மீதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.
"எறங்கும்போது வாங்கிக்கோ."
பழக்கதோஷம்.

அவன் சிரிக்காமல் வாங்கி மடித்து
வண்டியில் உட்கார்ந்தான்,
கம்பி வைத்த காலை முன்னால் நீட்டி,
கண்ணை மூடி,
வாங்க வந்தவன் நான் அங்கே இல்லாததுபோல.

போனைக் கேட்டு வாங்க மறந்து
பஸ் ஸ்டாண்டுவரை நடந்துவிட்டேன்.